ஊழியர் போட்ட பதிவுக்காக வேலையை விட்டு நீக்கலாமா? நிர்வாகம் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழுகிறது. கூடவே, "இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் சம்பளம் கொடுக்கிறீங்களா?" என்று ஒரு கேள்வி. பத்து மணிக்குள் அதையே பலரும் ஒட்டிவிடுகிறார்கள். பதிவு ஒரு சாதியை இழித்து எழுதியதாக இருக்கலாம், ஒரு மதத்தாரை அடித்து விரட்டச் சொன்னதாக இருக்கலாம், ஆளுங்கட்சியைக் காரசாரமாகத் திட்டியதாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் மேலிடத்திலிருந்து வரும் போன் ஒன்றுதான்: "திங்கட்கிழமை அவன் கேட்டுக்குள்ள வரக் கூடாது."

அந்த உத்தரவை அப்படியே நிறைவேற்றிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் கழித்துத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தோற்று, நீக்கியிருந்த காலத்துக்கான பின்சம்பளம் கொடுத்து, அதே ஆளை அதே நாற்காலியில் உட்கார வைக்கின்றன. அந்தப் பதிவால் புண்பட்ட சக ஊழியருக்கு இது இரண்டாவது அவமானம். இன்னொரு பக்கம், யாருக்கும் தீங்கு செய்யாத ஓர் அரசியல் கருத்துக்காக ஒருவர் பிழைப்பை இழந்து வீட்டில் உட்கார்ந்திருப்பார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பதிவு எவ்வளவு கேவலம் என்று மட்டும் பார்த்துவிட்டு, அதற்கும் அவர் பார்க்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்காமல் விட்டது.

இந்தக் குறிப்புகள் தமிழ்நாட்டில் இயங்கும் தனியார் நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அரசு ஊழியர்களுக்குத் தனி நடத்தை விதிகள் இருப்பதால் அவர்களைப் பற்றி இடையில் ஓரிடத்தில் மட்டும் வரும்.

முதல் 24 மணி நேரம்: சாட்சியத்தைப் பிடித்து வையுங்கள்

முதல் நாளில் தண்டனையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பதிவு மறைவதற்குள் அதை ஒழுங்காகச் சேகரிப்பதுதான் அன்றைய வேலை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியும் 24 மணி நேரத்தில் போய்விடும். முகநூல் பதிவை அவரே அழித்துவிடலாம், அல்லது நண்பர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி மாற்றிவிடலாம்.

மொபைலில் எடுத்த, ஓரம் வெட்டப்பட்ட ஸ்கிரீன்ஷாட் விசாரணையில் நிற்பது கடினம். கணினியில் பிரவுசரைத் திறந்து, மேலே இணைய முகவரியும் கீழே கணினியின் தேதி, நேரமும் தெரிகிற மாதிரி முழுத் திரையையும் எடுங்கள். முகநூலில் பதிவின் நேரத்தைச் சொடுக்கினால் அந்தப் பதிவுக்கு மட்டுமான இணைப்பு கிடைக்கும். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தப்பட்ட பதிவு என்றால் மூன்று புள்ளிகளைத் தொட்டுத் திருத்த வரலாற்றையும் எடுங்கள். முதலில் என்ன எழுதினார், திட்டு விழுந்த பிறகு எதை மாற்றினார் என்பது அதில் தெரியும். எக்ஸ் தளத்தில் இணைப்பின் கடைசியில் வரும் நீண்ட எண்ணுக்குள்ளேயே பதிவிட்ட நேரம் பொதிந்திருக்கிறது, ஆகவே அந்த எண் ஒன்றுகூடச் சிதையாமல் இருக்க வேண்டும். பிறகு கணக்கின் முகப்புப் பக்கம். அதில் உங்கள் நிறுவனத்தின் பெயர், சீருடை போட்ட படம், அடையாள அட்டை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் எழப்போகும் மிகப் பெரிய கேள்விக்கு அதுதான் பதில்.

பதிவு ஒரு பதிலாகவோ பகிர்வாகவோ இருந்தால், அது எதற்குப் பதிலாக வந்தது என்ற முழு உரையாடலையும் எடுங்கள். கண்டிப்பதற்காக ஒருவர் மேற்கோள் காட்டிய வாசகத்தை அவர் சொந்தக் கருத்தாக வெட்டி ஒட்டிப் பரப்புவது அடிக்கடி நடக்கிறது. தேதியையும் பாருங்கள். கல்லூரியில் படிக்கும்போது எழுதியதை இன்று தோண்டி எடுத்திருப்பார்கள்; அப்போது அவர் உங்கள் ஊழியரே இல்லை.

கோப்புகளைச் சேமித்த உடனே அவற்றின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்ணை, எடுத்துக் குறித்துவிடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றிதழில் அந்த மதிப்பைக் கேட்கிறது. சான்றிதழ் இரண்டு பாகம்: ஆவணத்தைத் தருபவர் ஒன்றையும் நிபுணர் ஒன்றையும் நிரப்ப வேண்டும். உள்விசாரணையில் சாட்சியச் சட்டம் அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனால், இரண்டு வருடம் கழித்து இதை உருவாக்க முடியாது. யார், எந்தக் கணினியில், எத்தனை மணிக்கு எடுத்தார் என்று அரைப் பக்கக் குறிப்பு எழுதி, உடன் இருந்த இன்னொருவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை இரண்டு. போலிக் கணக்கு தொடங்கி நட்பு அழைப்பு அனுப்பி, பூட்டி வைத்த கணக்குக்குள் நுழையாதீர்கள். ஊழியரைக் கூப்பிட்டு, "போனைத் திற, பாஸ்வேர்டு சொல்" என்று மிரட்டாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 இல் சொல்லிவிட்டது. கிடைக்கும் சாட்சியத்தைவிட வாங்கிக் கட்டிக்கொள்ளும் வம்பு பெரிது.

வெளியே பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றால் இரண்டே வரி போதும்: "இது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. நிறுவன விதிகளின்படி விசாரிக்கிறோம்." ஊழியரின் பெயரைச் சொல்லாதீர்கள். "கடும் நடவடிக்கை எடுக்கப்படும்" என்றும் எழுதாதீர்கள், ஏனெனில் விசாரணைக்கு முன்பே முடிவெடுத்துவிட்டீர்கள் என்பதற்கு எதிர்த்தரப்பு வக்கீல் காட்டும் முதல் ஆவணம் அந்த அறிவிப்புதான்.

கணக்கு அவருடையதுதானா?

திங்கட்கிழமை அவரைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். மனிதவளப் பிரிவிலிருந்து இருவர் போதும். ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்தால் அது மிரட்டலாகிவிடும். கணக்கு உங்களுடையதா, பதிவு நீங்கள் இட்டதா, வேறு யாராவது உங்கள் போனைப் பயன்படுத்துவார்களா, என்ன அர்த்தத்தில் எழுதினீர்கள் என்பவையே கேள்விகள். பதிலை எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஏற்கெனவே அழித்துவிட்டேன் என்று சொன்னால் அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பயத்தில் அழிப்பவர்கள் நிறைய.

அந்த அறையிலேயே ராஜினாமா கடிதம் வாங்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். இரவு எட்டு மணி வரை உட்கார வைத்து, சொல்லச் சொல்ல எழுதி வாங்கிய கடிதத்தை மறுநாள் காலை அவர் மின்னஞ்சலில் திரும்பப் பெறுவார். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா என்று நிரூபணமானால் அது பணிநீக்கம் என்றே கொள்ளப்படும், அதுவும் விசாரணையே இல்லாத பணிநீக்கம்.

வேலைக்கும் பதிவுக்கும் என்ன தொடர்பு?

எல்லாமே இங்கேதான் முடிவாகிறது. 1983 இல் கிளாக்ஸோ நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலையாணையில் (நிறுவனத்தின் பணி விதித்தொகுப்பில்) இருந்த ஒரு சொற்றொடரைப் பிடித்துக்கொண்டது. ஒழுங்கீனமான நடத்தை "நிறுவன வளாகத்துக்குள் அல்லது அதன் அருகில்" நடந்தால் என்று நிலையாணை சொல்லியிருந்தது. வளாகத்தை விட்டு எங்கோ நடந்ததற்கு அதை நீட்ட முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது. 1984 இல் ஏ.எல். கல்ரா வழக்கிலும், அதன் பிறகும், விதியில் ஒழுங்கீனம் என்று பட்டியலிடாத ஒன்றுக்குத் தண்டனை தர முடியாது என்றது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து இரவு பதினொரு மணிக்குப் போட்ட பதிவு உங்கள் நிலையாணையின் எந்த வரிக்குள் வருகிறது என்று முதலில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் வழக்கு தொடக்கத்திலேயே பலவீனம்.

வரி இருந்தாலும் போதாது. தொடர்பு என்றால் என்ன என்று சில நிலைமைகளை வைத்துப் பார்க்கலாம்.

ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர் பட்டியல் சாதியினரைக் கேவலமாகப் பேசித் தொடர்ந்து எழுதுகிறார். அவருக்குக் கீழே 22 பேர், அதில் ஆறு பேர் அந்தச் சமூகத்தவர். யாருக்கு இரவு ஷிப்ட், யாருக்கு ஓவர்டைம், யாருக்கு நல்ல மதிப்பெண் என்பதெல்லாம் அவர் கையில். நிறுவனத்தின் பெயர் கணக்கில் இல்லாவிட்டாலும் இங்கே தொடர்பு உறுதி. அந்த ஆறு பேரும் நாளை அவரிடம் லீவு கேட்டு நிற்க வேண்டும் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். இதைக் "கருத்துச் சுதந்திரம்" என்று ஒதுக்கிவிடுவது நிர்வாகத்தின் கோழைத்தனம்.

அதே பதிவை, யாரையும் மேற்பார்வையிடாத, தனி அறையில் கணக்கு பார்க்கும் ஒருவர் ஒரே ஒரு முறை போட்டு, மறுநாள் அழித்துவிட்டு மன்னிப்பும் கேட்டால்? அருவருப்பு அதே அளவுதான். வேலையோடு உள்ள தொடர்போ மெல்லியது. கண்டிப்பும் எச்சரிக்கையும் நியாயம். பணிநீக்கம் நிற்காது, நிற்கவும் கூடாது.

நோயாளியின் படத்தைப் போட்டுக் கிண்டல் செய்த செவிலியர், வாடிக்கையாளரின் கணக்கு இருப்பைக் காட்டிய வங்கி ஊழியர், மாணவியைப் பற்றி ஆபாசமாக எழுதிய ஆசிரியர்: இங்கெல்லாம் தொடர்பைத் தேடவே வேண்டாம். வேலை தந்த நம்பிக்கையையே அவர்கள் உடைத்திருக்கிறார்கள். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாவிட்டாலும் இது கடுமையான ஒழுங்கீனம்.

இனி எதிர்ப் பக்கம். பதினான்கு பேர் இருக்கும் ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் மேலாளரைக் கிண்டல் செய்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2023 இல் இப்படி ஒரு வழக்கில், கிராம வங்கி ஊழியர் ஒருவருக்குத் தரப்பட்ட சார்ஜ் மெமோவையே (குற்றச்சாட்டுக் கடிதத்தையே) ரத்து செய்தது. ஊழியருக்கு மனக்குமுறலைக் கொட்டும் உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சம்பளம் தாமதம், கழிவறை மோசம், போனஸ் ஏமாற்று என்று வெளியே எழுதுவதும் பெரும்பாலும் பணிச்சூழல் பற்றிய விமர்சனம்தான். பொய்த் தகவலோ மிரட்டலோ கலக்காதவரை கை வைக்காதீர்கள்.

அரசியல் கருத்துக்காக யாரையும் நீக்காதீர்கள். ஒரு கட்சியின் ஐடி விங் உங்கள் பக்கத்தில் வந்து கத்துவது ஒழுங்கீனத்துக்கான ஆதாரம் ஆகாது. அரசு ஊழியர்களுக்கே அடிப்படை உரிமைகள் பறிபோவதில்லை என்று 1962 இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஜனவரியில் திரிபுரா உயர் நீதிமன்றம் முகநூல் பதிவு ஒன்றை வைத்தே அதை மறுபடி உறுதிசெய்தது. கருத்துச் சுதந்திரம் தரும் அரசமைப்பின் 19ஆம் பிரிவைத் தனியார் நிறுவனத்தின் மீது நேரடியாக ஏவ முடியாது என்பது சட்ட நிலை. அதற்காக, கவர்மெண்ட் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இருக்கும் நியாயம்கூட உங்கள் ஊழியருக்கு இல்லாமல் போக வேண்டுமா?

லைக் போட்டது, எமோஜி போட்டது, ஒரு குழுவில் உறுப்பினராக இருந்தது ஆகியவற்றை மட்டும் வைத்து நடவடிக்கை தொடங்காதீர்கள். என்ன அர்த்தத்தில் செய்தார் என்று உங்களால் நிரூபிக்கவே முடியாது.

சஸ்பென்ஷன் எப்போது, எவ்வளவு பணம்

அவர் உள்ளே இருந்தால் சாட்சிகளை மிரட்டுவார், மோதல் வெடிக்கும், அல்லது பதிவில் மிரட்டப்பட்ட ஆள் பக்கத்து மேசையில் இருக்கிறார் என்றால் மட்டும் பணியிடை நீக்கம் செய்யுங்கள். மற்றபடி வேறு பிரிவுக்கு மாற்றி வைத்தாலே போதும். பணியிடை நீக்க உத்தரவில், "விசாரணை முடியும் வரை, இது தண்டனை அல்ல" என்ற வாசகம் இருக்க வேண்டும்.

பணியிடை நீக்கத்தில் இருப்பவருக்குத் தர வேண்டிய பிழைப்பூதியத்தை மறக்கும் நிறுவனங்களே அதிகம். முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், தாமதத்துக்கு ஊழியர் காரணம் இல்லாவிட்டால் அதன் பிறகு 75 சதவீதம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இதே கணக்கைத்தான் சொல்கிறது. விசாரணையைச் சாதாரணமாக 90 நாளுக்குள் முடிக்கவும் சொல்கிறது. பிழைப்பூதியம் தராததால் வெளியூரிலிருந்து விசாரணைக்கு வர ஊழியருக்குப் பணம் இல்லாமல் போன வழக்கில், 1999 இல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையையே செல்லாததாக்கியது. மாதச் சம்பளம் போடும் அதே தேதியில் இதையும் போட்டுவிடுங்கள்.

சார்ஜ் மெமோ எழுதும் முறை

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இந்த இரண்டு பக்கத்தில்தான். நடைமுறையில் காணக் கிடைக்கும் மோசமான மெமோ இப்படி இருக்கும்: "தாங்கள் சமூக வலைதளத்தில் அருவருப்பான கருத்துகளைப் பதிவிட்டு நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்துள்ளீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவின்படியும் இது குற்றமாகும். 24 மணி நேரத்துக்குள் விளக்கம் தரவும்."

இதில் நான்கு ஓட்டை. எந்தக் கருத்து என்று சொல்லவில்லை. "விளைவித்துள்ளீர்கள்" என்று தீர்ப்பே எழுதியாகிவிட்டது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே அரசமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்துவிட்டது. பழைய மாதிரியை நகலெடுப்பதால் இன்னும் மெமோக்களில் உயிரோடு இருக்கிறது. 24 மணி நேரம் என்பது பதில் சொல்லவே விடாத அவகாசம்.

சரியான மெமோவில் பதிவின் வாசகம் ஒரு எழுத்து மாறாமல் மேற்கோளுக்குள் இருக்கும், கெட்ட வார்த்தையாக இருந்தாலும். தேதி, நேரம், கணக்கின் பெயர், இணைப்பு இருக்கும். பிறகு தொடர்பு: "தங்கள் மேற்பார்வையில் பணிபுரியும் ஊழியர்களில் மேற்படி சமூகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளனர். இப்பதிவு, நிலையாணை எண் இன்னதன்படி ஒழுங்கீனம் எனக் குற்றம் சாட்டப்படுகிறது. இது நிரூபிக்கப்பட்டால் நடவடிக்கைக்கு உரியதாகும்." ஆவணப் பட்டியலும் நகல்களும் இணைப்பில் வரும். பதிலுக்கு ஏழு நாள் கொடுங்கள், கேட்டால் இன்னொரு ஏழு. ஊழியருக்குத் தமிழ்தான் ஓடும் என்றால் மெமோ தமிழில் இருக்க வேண்டும். ஆங்கில மெமோவில் கையெழுத்து வாங்கி, "புரிந்தது" என்று எழுத வைப்பது பின்னால் உங்களையே சுடும்.

நற்பெயர் கெட்டது என்று எழுதினால் எப்படிக் கெட்டது என்று காட்ட வேண்டும்: வாடிக்கையாளர் அனுப்பிய மின்னஞ்சல், ரத்தான ஆர்டர், புகார் எண்ணிக்கை. ட்ரோல் கணக்குகள் போட்ட கமெண்ட் மட்டும் இருந்தால் அந்தக் குற்றச்சாட்டையே சேர்க்காதீர்கள். நிரூபிக்க முடிகிற ஒன்று, முடியாத நான்கைவிட மேல்.

விசாரணை

விசாரணை அதிகாரி புகார் கொடுத்தவராகவோ, பதிவில் திட்டு வாங்கியவராகவோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்தவராகவோ இருக்கக் கூடாது. வெளியிலிருந்து வக்கீல் ஒருவரை அமர்த்துவது வழக்கம். நிர்வாகத் தரப்பை நடத்தவும் வக்கீல் வைத்தால் ஊழியருக்கும் வக்கீல் வைக்க அனுமதி தர வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சக ஊழியர் ஒருவரின் உதவி போதும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் நேரில் வந்து சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். "பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் அனுப்பினார்" என்றால் அந்த ஆவணத்துக்குச் சாட்சியே இல்லை. பதிவை நேரடியாகப் பார்த்த இன்னொருவரைத் தேடுங்கள்.

தமிழ்ப் பதிவுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சாதியைப் பெயர் சொல்லி இழிப்பவர்கள் குறைவு. ஊர்ப்பெயர், தெருப் பக்கம், தொழில், சாப்பாடு, ஒரு நிறம், ஒரு எண் என்று சங்கேதமாக எழுதுவார்கள். சென்னையில் வளர்ந்த விசாரணை அதிகாரிக்குத் திருநெல்வேலிப் பக்கத்துச் சங்கேதம் பிடிபடாமல் போகலாம். அந்த வட்டாரத்தில் அது எப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது என்று சொல்லக்கூடிய சாட்சி ஒருவரை அழையுங்கள். அது நடக்காவிட்டால், "நான் என் ஊரைப் பற்றித்தானே எழுதினேன்" என்று அவர் எழுந்து போய்விடுவார்.

ஒவ்வொரு நாள் நடவடிக்கைக் குறிப்பிலும் இரு தரப்பின் கையெழுத்தும் வேண்டும். முடிந்ததும் அறிக்கையின் நகலை ஊழியருக்குக் கொடுத்து, அதன் மீது அவர் கருத்தைக் கேட்ட பிறகே தண்டனை. 1993 இல் கருணாகர் வழக்கில் வந்த இந்த விதியைத் தவறவிட்டவர்கள் ஏராளம். இங்கே நிரூபணம் கிரிமினல் வழக்கு அளவுக்கு வேண்டாம். எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அளவுகோல். அதனால் போலீஸ் வழக்கு நிலுவையில் இருந்தாலும் பொதுவாக விசாரணையை நடத்தலாம்.

பதிவு ஒரு பெண் ஊழியரைக் குறிவைத்த பாலியல் வசை என்றால் பாதையே வேறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இருக்க வேண்டிய உள்ளகக் குழுவுக்குத்தான் அது போக வேண்டும். புகாருக்குக் காலம் மூன்று மாதம், விசாரணைக்கு 90 நாள். மனிதவளப் பிரிவு தனியாக ஒரு விசாரணையை ஓட்டி, அவரை இரண்டு முறை அதே வாசகத்தைப் படிக்க வைக்காதீர்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினரைக் குறிவைத்த வசையாக இருந்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் காவல் நிலையம் போவதை, "கம்பெனிக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்று தடுக்க நிர்வாகத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை.

தண்டனையை எடை போடுதல்

ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு வழக்கு. சக ஊழியரையும் அதிகாரியையும் கெட்ட வார்த்தையில் திட்டியவரை நீக்கியது மிகையான தண்டனை என்று 1984 இல் வேத் பிரகாஷ் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005 இல் மகிந்திரா நிறுவன வழக்கில், மேலதிகாரியைக் கொச்சையாகத் திட்டியவரின் பணிநீக்கத்தை அதே நீதிமன்றம் உறுதி செய்தது. ஆக, வார்த்தையின் நாற்றம் மட்டுமே முடிவைத் தருவதில்லை. எந்தச் சூழலில், எத்தனை முறை, முந்தைய பணிப்பதிவு எப்படி என்பவை சேர்ந்தே எடை போடப்படுகின்றன. தண்டனை அதிகம் என்று பட்டால் குறைக்கும் அதிகாரம் தொழில் தீர்ப்பாயத்துக்கு உண்டு.

எங்கள் தீர்மானம் இது. வன்முறைக்கு அழைப்பு, குறிப்பிட்ட ஆளுக்குக் கொலை அல்லது பாலியல் மிரட்டல், தன் அதிகாரத்தின் கீழோ சேவையிலோ இருக்கும் மக்கள் மீது தொடர்ந்த வெறுப்பு, நோயாளி, மாணவர், வாடிக்கையாளரின் அந்தரங்கத்தை வெளியிடுவது ஆகிய நான்குக்கும் பணிநீக்கம் நியாயம். ஒரே ஒரு இழிவான பதிவு, மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவர், உண்மையான வருத்தம் என்றால் பொறுப்பிலிருந்து இறக்குவதும் ஊதிய உயர்வை நிறுத்துவதும் சரியாக இருக்கும். பொறுப்பில் இல்லாதவர், முதல் தடவை என்றால் எழுத்துப்பூர்வ எச்சரிக்கை. எதைத் தந்தாலும், அந்தத் தண்டனை உங்கள் நிலையாணையில் பெயர் சொல்லி இருக்க வேண்டும்.

தண்டிக்கும் முன் பழைய கோப்புகளைப் புரட்டுங்கள். மூன்று வருடத்துக்கு முன் துணைப் பொதுமேலாளர் இதைவிட மோசமாக எழுதியதற்கு, "பார்த்துக்கங்க சார்" என்று விட்டிருந்தால், இன்று மெஷின் ஆபரேட்டரை நீக்குவது பாரபட்சம். நீதிமன்றம் கேட்பதற்கு முன் கேண்டீனில் கேட்பார்கள்.

காரணத்தை மாற்றிச் சொல்லாதீர்கள். 2018 ஏப்ரலில், கதுவா சிறுமி கொலையைப் பற்றிக் கொடூரமாக எழுதிய கேரளத்தில் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்த்த ஊழியர் மீது நாடே கொதித்தது. வங்கி தன் அறிவிப்பில், மோசமான வேலைத்திறனுக்காக அவரை ஏற்கெனவே நீக்கிவிட்டதாகச் சொல்லி, அந்தக் கருத்தையும் கண்டித்தது. படித்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் புரிந்துகொண்டார்கள். பதிவுதான் காரணம் என்றால் பதிவு என்றே உத்தரவில் எழுதி, அதற்குரிய விசாரணையை நடத்துங்கள். தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கும் இது பொருந்தும்: "பணி திருப்தி இல்லை" என்று ஒரு வரியில் அனுப்பினாலும், உண்மைக் காரணம் ஒழுங்கீனம் என்று தெரிந்தால் நீதிமன்றம் அந்தத் திரையை விலக்கிப் பார்க்கும்.

கடையோ சிறு அலுவலகமோ என்றால் 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனத்துக்காக நோட்டீஸ் இல்லாமல் நீக்க, விசாரணையில் பதிவான சாட்சியம் வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் துணிக்கடைக்கும் இதே சட்டம்தான்.

ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை வேதனையானது. ஏஜென்சிக்கு ஒரே ஒரு போன். அடுத்த நாள் வேறு ஆள் வருவார். மெமோவும் இல்லை, விளக்கமும் இல்லை. காவலாளி ஒருவர் போட்ட பதிவுக்கும் மேலே சொன்ன அதே கேள்விகளைக் கேளுங்கள். ஏஜென்சி அவரிடம் விளக்கம் கேட்டதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

விதியை இப்போதே எழுதி வையுங்கள்

பெரும்பாலான சமூக ஊடகக் கொள்கைகள், "நிறுவனத்துக்கு அவப்பெயர் தரும் எதையும் பதிவிடக் கூடாது" என்று எழுதியிருக்கும். இவ்வளவு அகலமான வரி எதையும் பிடிக்காது. இப்படி எழுதலாம்:

"பணி நேரத்திலோ வெளியிலோ, சொந்தக் கணக்கிலிருந்து இட்டாலும், சக ஊழியர் அல்லது வாடிக்கையாளரை மிரட்டும், பாலியல் ரீதியாகத் துன்புறுத்தும் பதிவு, சாதி, மதம், பாலினம், மொழி, மாற்றுத்திறன் அடிப்படையில் ஒரு பிரிவினருக்கு எதிராக வன்முறையைத் தூண்டும் பதிவு, அத்தகைய பிரிவினரை இழிவுபடுத்தி, அவர்களோடு பணிபுரிவதையோ அவர்களுக்குச் சேவை அளிப்பதையோ பாதிக்கும் பதிவு, பணியில் தெரியவந்த பிறரின் அந்தரங்கத் தகவலை வெளியிடும் பதிவு ஆகியவை ஒழுங்கீனமாகும். அரசியல் கருத்து, தொழிற்சங்கச் செயல்பாடு, ஊதியம் மற்றும் பணிச்சூழல் பற்றிய விமர்சனம் இதில் அடங்காது."

கடைசி வாக்கியத்தை நிர்வாகம் வெட்டச் சொல்லும். வெட்ட விடாதீர்கள், மற்ற வரிகளுக்கு நம்பகத்தன்மை தருவதே அதுதான்.

இதை மனிதவளப் பிரிவு ஒரு பிடிஎஃப் ஆக அனுப்பிவிட்டால் நிலையாணை திருந்திவிடாது. சான்றளிக்கப்பட்ட நிலையாணை இருக்கும் நிறுவனம் சான்றளிக்கும் அதிகாரியிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், தொழிற்சங்கத்துக்கும் அங்கே பேச உரிமை உண்டு. நிலையாணை வைத்திருக்க வேண்டிய நிறுவனம் எது என்பதற்கு 1946ஆம் ஆண்டுச் சட்டத்தில் 100 தொழிலாளர் என்றிருந்த வரம்பு தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் 300 ஆகியிருக்கிறது. அதற்குக் கீழே உள்ளவர்கள் பணி நியமன உத்தரவில் சேர்த்துக் கையெழுத்து வாங்கலாம்.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள் கிளம்பும் முன்பே தனியாகச் சொல்லிவிட வேண்டும். ஐக்கிய அமீரகத்தில் மத வெறுப்புப் பேச்சு 2015ஆம் ஆண்டுச் சட்டம் முதல் கடும் குற்றம். 2020 ஏப்ரலில் இந்தியர்கள் சிலர் பதிவுகளால் வேலை இழந்தபோது, அங்கிருந்த இந்தியத் தூதரே பொதுவில் எச்சரிக்க வேண்டியதாயிற்று. இங்கே மெமோவோடு முடிவது அங்கே சிறையில் முடியலாம்.

முடிவு எதுவானாலும், பதிவால் அடிபட்டவர்களைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அந்த ஆறு தொழிலாளர்களுக்கு விசாரணை நடந்ததே தெரியாமல் போவதுதான் வழக்கம். தண்டனை விவரம் முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. இனி அவர்களின் ஷிப்டை யார் போடுவார், அதே பேச்சு மறுபடி வந்தால் யாரிடம் வர வேண்டும், புகாரைக் கேட்கும் அவரின் போன் எண் என்ன என்ற மூன்றையும் சொல்லி, தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுங்கள்.